அவர்களும் பெண்களே: டொக்டர் மேரி ரட்ணத்தின் தொண்டும் தேர்தலும்

நூற்றாண்டு மலர் ஒன்றிலே பள்ளியின் ஸ்தாபகர்களையும் அதிபர்களையும் ஆசிரியைமாரையும் நன்றியோடு நினைவுகூர்வது மரபு. அந்தக் கடமையை இம்மலரின் ஏனைய பக்கங்கள் நிறைவாகச் செய்கின்றன. இக்கட்டுரைக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பவர் எமது பள்ளியில் படித்தவர் அல்லர். ஊவாவில் பிறந்தவரும் அல்லர். கனடாவில் பிறந்து, யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்து, ஆறு தசாப்தங்களுக்கு மேலாக இந்நாட்டுப் பெண்களுக்காக உழைத்த டொக்டர் மேரி ரட்ணம் அவர்.

அவரை ஹாலிஎலயில் இருந்து ஏன் நினைக்க வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். பழைய மாணவிகள் சங்கங்கள் எல்லாமே தொண்டு செய்கின்றன. கொப்பியும் சப்பாத்தும் வாங்கிக் கொடுக்கிறோம், புலமைப்பரிசில் வழங்குகிறோம், தோட்டங்களில் வைத்திய முகாம் நடத்துகிறோம். ஆனால் அரசியல் என்ற சொல் கூட்டத்தில் எழுந்தவுடன், அது நமக்கு வேண்டாத வேலை என்று ஒதுங்கிக்கொள்கிறோம். தொண்டில் தொடங்கிய மேரி ரட்ணமோ, தமது 64ஆவது வயதில் வேட்பாளராக நின்று வாக்குக் கேட்டார். அவர் ஏன் அந்த முடிவுக்கு வந்தார் என்பதை அறிந்தால், எமது மலைகளின் கதையில் ஒரு முக்கியமான பகுதியும் விளங்கும்.

ஒன்ராறியோவிலிருந்து இணுவிலுக்கு

மேரி ஹெலன் இர்வின் 1873இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதைப் பலர் விரும்பாத அக்காலத்தில், ரொறன்ரோவில் பெண்களுக்கென நடத்தப்பட்ட மருத்துவக் கல்லூரியில் படித்து வைத்தியரானார். ஆண் வைத்தியரிடம் செல்லத் தயங்கிய யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குச் சிகிச்சை அளிப்பதற்காக அமெரிக்க மிஷன் அவரைத் தெரிவு செய்தது. 1896இல் அவர் இலங்கைக்கு வந்தபோது வயது 23.

அதற்குள் அவருடைய வாழ்வில் ஒரு முக்கிய முடிவு எடுக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டில் கல்வி கற்ற தமிழரான எஸ்.சி.கே. ரட்ணத்தை அவர் மணந்திருந்தார். வெள்ளைக்காரப் பெண் ஒருவர் சுதேசியை மணப்பதை மிஷனைச் சேர்ந்தவர்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தமிழ்ப் பெண்களுக்குச் சேவை செய்ய வரலாம், ஆனால் தமிழர் வீட்டு மருமகளாக வரக்கூடாது என்பதே அவர்கள் போட்ட எல்லை. மேரி இணுவிலை விட்டுக் கொழும்புக்குச் சென்றார். அங்கே பெண்களுக்கான லேடி ஹவ்லொக் வைத்தியசாலையில் சிறிது காலம் அரச சேவையில் இருந்துவிட்டு, பின்னர் தனியாக வைத்தியத் தொழில் நடத்தினார். சேலை உடுத்து வாழ்ந்த குடும்பங்களோடும் கவுன் அணிந்து வாழ்ந்த குடும்பங்களோடும் ஒருங்கே பழகக்கூடிய ஓர் இடம் அவருக்கு இவ்வாறு அமைந்தது.

மருந்துச் சீட்டோடு நில்லாதவர்

நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் வைத்தியர், சில காலத்திலேயே அவள் வீட்டையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார். ஒரே தாய் வருடந்தோறும் பிரசவத்துக்கு வருவாள். ஒரே பிள்ளை மாதந்தோறும் வயிற்றோட்டத்தோடு வரும். எழுதிக் கொடுத்த மருந்து தீர்ந்ததும் நோய் திரும்பி வரும். இதை ஹாலிஎலயிலும் பதுளையிலும் கடமையாற்றும் எம்மில் சிலர் இன்றும் நாளாந்தம் காண்கிறோம்.

மேரி ரட்ணம் இதற்குக் கண்ட முதல் வழி, பெண்களை ஒன்றுசேர்ப்பது. 1904இல் இலங்கைப் பெண்கள் சங்கத்தை ஆரம்பிப்பதில் முன்னின்றார். தாய்மாருக்குச் சுகாதாரம், குழந்தை வளர்ப்பு, தையல் ஆகியவற்றை அச்சங்கம் கற்பித்தது. 1909இல் தோன்றிய தமிழ்ப் பெண்கள் சங்கத்தின் தொடக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. பம்பலப்பிட்டியில் இசையும் நடனமும் பயிற்றும் கலாலயத்தை நடத்திவரும் சங்கம் அதுவே. மதுவிலக்கு இயக்கத்தில் உழைத்தார். பாடசாலைப் பிள்ளைகளுக்காகச் சுகாதார நூலும், மனையியல் நூலும் எழுதினார். கருத்தடை என்ற சொல்லைச் சபையில் உச்சரிக்கவே கூசிய நாட்களில், அடுத்தடுத்த பிரசவங்களால் நலிந்துபோகும் தாய்மாருக்காக அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். எதிர்ப்பும் ஏச்சும் வந்தன. அவர் பேசுவதை நிறுத்தவில்லை. குடும்பத் திட்டச் சங்கம் 1953இல்தான் இந்நாட்டில் தோன்றியது என்பதை நினைத்தால் அவர் எவ்வளவு முன்னே நடந்தார் என்பது புலப்படும்.

டொனமூர் பிரபுவின் கேள்வி

1927ஆம் ஆண்டின் இறுதியில் அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றி ஆராய டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டது. ஆக்னஸ் டி சில்வா அதன் செயலாளர். மேரி ரட்ணம் அதன் முன்னணி உறுப்பினருள் ஒருவர். அக்காலத்தில் சொத்தும் படிப்பும் உள்ள ஆண்களில் ஒரு சிறு பகுதியினருக்கே வாக்கு இருந்தது. பெண்களுக்கு அறவே இல்லை.

ஆணைக்குழுவின் முன் சங்கத்தின் பிரதிநிதிகள் சாட்சியமளித்தபோது, டொனமூர் பிரபு ஒரு கேள்வி கேட்டதாக ஆக்னஸ் டி சில்வா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தோட்டங்களில் கூலி வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்கிறீர்களா என்பதே அக்கேள்வி. நிச்சயமாக, அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்ற பொருள்பட அவர் தயங்காமல் விடையளித்தார்.

கொழும்பின் வசதி படைத்த பெண்கள் அமர்ந்திருந்த அந்த அறையிலே எமது பாட்டிமாரில் ஒருவரும் இருக்கவில்லை. அதே நேரத்தில் அவர்கள் பதுளை, பசறை, தெமோதரை மலைகளில் கொழுந்துக் கூடையோடு நின்றிருப்பார்கள். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம்கூட ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதனிலும் குறைந்த கூலி என்றே விதித்தது. அப்படிக் குறைத்து மதிக்கப்பட்டவர்களைத் தம்மோடு சமமாக வைத்துச் சொல்லப்பட்ட அந்த விடையை எமது பள்ளிப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

ஆணைக்குழு முதலில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்களிக்கச் சிபாரிசு செய்தது. முடிவில் ஆண், பெண் இருபாலாருக்கும் 21 வயதில் வாக்குரிமை கிடைத்தது. 1931ஆம் ஆண்டுத் தேர்தல் அவ்வாறே நடைபெற்றது. தோட்டத்து மக்களுக்கு மட்டும் நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை தனியாகப் போடப்பட்டது. அந்தச் சல்லடையில் பலர் தங்கிப்போயினர். ஆயினும் லயத்துப் பெண்களில் ஒரு பகுதியினர் வாக்காளர் ஆயினர். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் போன்றோர் தோட்டங்களுக்குச் சென்று பாட்டாலும் பேச்சாலும் மக்களைத் தட்டியெழுப்பியதும் அக்காலத்திலேயே.

சமித்தியும் தோட்டத்து வாசலும்

வாக்கு கிடைத்ததோடு மேரி ரட்ணம் ஓய்ந்துவிடவில்லை. வாக்கைப் பயன்படுத்தத் தெரிந்த பெண்கள் கிராமங்களில் உருவாக வேண்டும் என்று கருதினார். அவர் பிறந்த ஒன்ராறியோவிலே 1897இல் அடிலேட் ஹூட்லெஸ் என்ற பெண்மணி கிராமத்துப் பெண்களுக்கான சங்கங்களைத் தொடக்கியிருந்தார். அசுத்தமான பாலால் தமது கைக்குழந்தையைப் பறிகொடுத்த துயரமே அவரைப் பொதுவாழ்வுக்குக் கொண்டுவந்தது என்பர். அந்தச் சங்கங்களின் மாதிரியில் 1930ஐ ஒட்டிய காலத்தில் லங்கா மகிளா சமித்தியை மேரி ரட்ணம் இங்கே தோற்றுவித்தார். சுகாதாரம், போஷாக்கு, வீட்டுத்தோட்டம், கைப்பணி ஆகியவற்றைக் கிராமத்துப் பெண்கள் தாமே கூடிக் கற்றனர். தலைவியும் செயலாளரும் பொருளாளரும் அவர்களே. கூட்டத்தில் எழுந்து பேசுவதையும் கணக்கு எழுதுவதையும் பலர் முதன்முதலில் பழகியது அங்கேதான்.

சமித்தி வளர்ந்தது சிங்களக் கிராமங்களில். தோட்டம் அதன் வழியில் இல்லை. தோட்டம் என்பது கம்பனியின் தனிச்சொத்து. துரையின் அனுமதியின்றி வெளியார் உள்ளே வந்தால் அத்துமீறல் வழக்கு. தொழிற்சங்கக்காரரே அந்த வாசலைக் கடக்கப் படாத பாடு பட்டனர். கிராமத்துப் பெண்ணுக்கு மாலையில் கூடுவதற்கு ஒரு மடுவம் கிடைத்தது. விடிகாலைப் பெரட்டுக்கு எழுந்து, மலையில் நின்று, மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் பெண்ணுக்கு அந்த நேரமும் இல்லை, இடமும் இல்லை. இவ்வேறுபாட்டின் விளைவை இன்றும் காண்கிறோம்.

1937: ஒரே ஆண்டில் இரண்டு நிகழ்வுகள்

தொண்டினால் எவ்வளவு தூரம் போகலாம், எங்கே அது நின்றுவிடும் என்பதற்கு எமது தோட்டங்களிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை ஆரம்பித்தது. தொழிலாளருக்கு மருந்து கொடுக்கப்பட்டது, புழு வெளியேறியது. ஆனால் மலசலகூடங்கள் போதிய அளவில் கட்டப்படாததால், வெறுங்காலோடு மண்ணில் நடந்தவர்களுக்குப் புழு மீண்டும் தொற்றியது. இரத்தசோகையும் திரும்பியது. மருந்தைக் கொடுக்க ஒரு வைத்தியர் போதும். மலசலகூடத்தைக் கட்டச் சொல்லவும், கட்டாவிட்டால் கேட்கவும் அதிகாரமுள்ள ஒரு சபை வேண்டும். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது இத்தகைய அனுபவங்களின் பின்னரே.

நகரத்திலும் நிலைமை இதுவே. வடிகால், குடிநீர், குப்பை, சந்தை, சேரிக் குடியிருப்பு எல்லாம் மாநகர சபையின் கையில் இருந்தன. தாமே நேரில் கண்ட நோய்களின் வேர் அங்கே இருப்பதை அறிந்த மேரி ரட்ணம், 1937இல் கொழும்பு மாநகர சபைக்குப் பம்பலப்பிட்டி வட்டாரத்தில் வேட்பாளராக நின்றார், வென்றார். அச்சபைக்குத் தெரிவான முதற் பெண் அவரே. அரசாங்க சபைக்கு 1931இல் அடிலின் மொலமுறேயும், 1932இல் கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்துவும் ஏற்கனவே சென்றிருந்தனர். நேசம் அம்மையாரின் கணவர் டொக்டர் இரத்தினஜோதி சரவணமுத்து அதே 1937இல் கொழும்பின் முதலாவது தெரிவு செய்யப்பட்ட மேயரானார்.

மேரி ரட்ணம் அந்த ஆசனத்தில் நீடிக்கவில்லை. சட்ட நுணுக்கம் ஒன்றின் பேரில் அவருடைய பதவி பறிபோனது. முப்பதாண்டுகளுக்கு மேலாக நகரத்துக்கு உழைத்தவர், சில மாதங்களில் சபையை விட்டு வெளியேற நேர்ந்தது. அதனால் அவர் மனம் ஒடிந்து வீட்டுக்குள் இருந்துவிடவில்லை. சமித்தி வேலைக்கே திரும்பிச் சென்றார். அவர் திறந்த கதவு வழியே பின்னர் பல பெண்கள் சென்றனர்.

அதே 1937இல் எமது மலைகளைப் பாதித்த இன்னொரு காரியம் நடந்தது. கிராம சபைகள் பற்றிய சட்டத்தைத் திருத்த அரசாங்க சபையில் மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டது. தோட்டங்களில் குடியிருக்கும் இந்தியத் தொழிலாளருக்குக் கிராம சபைத் தேர்தலில் வாக்கில்லை என்பது அதன் சாரம். இந்திய அரசாங்கம் ஆட்சேபித்தது. அதன்பின் ‘இந்திய’ என்ற சொல்லை நீக்கி, தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர் அனைவரையும் விலக்கும்படி வாசகம் மாற்றப்பட்டது. பெயர் மாறினாலும் பாதிக்கப்பட்டவர் மாறவில்லை. கொழும்பிலே ஒரு பெண் வைத்தியர் உள்ளூராட்சியின் வாசலில் கால் வைத்த அதே காலத்தில், ஊவாவின் லயத்துப் பெண்ணுக்கு அந்த வாசல் அடைக்கப்பட்டது.

வாக்கு பறிபோனபோது

பெரிய தேர்தல்களில் சிறிது காலம் வாக்கு இருந்தது. 1947 பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் பதுளையிலிருந்து எஸ்.எம். சுப்பையாவும், அலுத்நுவரையிலிருந்து டி. இராமானுஜமும் தெரிவாயினர். அக்கட்சியின் ஏழு உறுப்பினரில் இருவர் எமது பக்கத்தவர். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கில்லை என்று ஆனது. 1952 தேர்தலில் எமது மலைகள் மௌனமாயின.

1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். பதுளையிலிருந்தும் ஹாலிஎலயிலிருந்தும் தலைமன்னார் நோக்கிப் புறப்பட்டவர்களைச் சுமந்த வண்டியை எம்மவர் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். நிலையத்தில் நின்று அழுத கதையைச் சொல்லாத அம்மாமார் எம்மிடையே குறைவு. 1988ஆம் ஆண்டின் சட்டமும் 2003ஆம் ஆண்டின் சட்டமும் வந்த பின்னரே நாடற்றவர் என்ற பெயர் எமது சமூகத்தை விட்டு நீங்கியது.

இந்தக் காலம் முழுவதும் தோட்டத்தில் பிள்ளைகள் பிறந்தன, நோய் வந்தது, கூரை ஒழுகியது. முறையிடுவதற்குத் துரையும் கங்காணியும் தொழிற்சங்கத் தலைவரும் இருந்தனர். வாக்குக் கேட்டு வந்து, பதில் சொல்லக் கடமைப்பட்ட உறுப்பினர் ஒருவர் இருக்கவில்லை. பிள்ளைக் காம்பராவில் தண்ணீர் இல்லை என்றோ, பிரசவ வேளையில் லொறியே ஆம்புலன்ஸ் ஆகிறது என்றோ சபையில் எழுந்து சொல்ல ஒரு பெண் இருக்கவில்லை. ஆண்களுக்குச் சமமான கூலி தோட்டப் பெண்களுக்கு 1984இல்தான் கிடைத்தது என்பதும் இங்கே எண்ணத்தக்கது.

குடியுரிமை வந்த பின்னரும் உள்ளூராட்சியின் வாசல் முழுமையாகத் திறக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாகவே இருந்தது. வாக்களித்துச் சபையை அமைத்தவர்களின் லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிட அச்சபையால் முடியவில்லை. 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. 1937இல் போடப்பட்ட பூட்டு ஏதோ ஒரு வடிவில் 81 ஆண்டுகள் தொங்கியது எனலாம்.

எமது சங்கத்தின் முன்னுள்ள வேலை

அதே 2018 பெப்ரவரியில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில், பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அதுவரை உள்ளூராட்சிச் சபைகளில் நூற்றுக்கு இரண்டு பேரளவிலேயே பெண்கள் இருந்தனர். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும், நுவரெலியா மாவட்டத்திலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றம் சென்றனர். மலையகத் தமிழ்ப் பெண்கள் தேர்தலில் வென்று அச்சபைக்குச் சென்றது இதுவே முதல் தடவை. எக்கட்சியை ஆதரிப்பவராயினும், 1931இலிருந்து 93 ஆண்டுகள் காத்திருந்த ஒரு நிகழ்வு எமது மாவட்டத்தில் நடந்ததை நாம் மலரில் பதிவு செய்வது தகும்.

மேரி ரட்ணத்துக்கு 1958இல் பொதுச் சேவைக்கான ரமொன் மக்சேசே விருது வழங்கப்பட்டது. அவ்விருது முதன்முதலாக வழங்கப்பட்ட ஆண்டே அது. 1962இல் அவர் மறைந்தார். அவருடைய வாழ்விலே சங்கம், சமித்தி, நூல், வாக்குரிமை, சபை என்று பல படிகள் தெரிந்தாலும், அவை எல்லாம் ஒரே தாயை நோக்கிச் சென்றவை. அவளுக்கு வைத்தியராக மருந்து கொடுத்தார், ஆசிரியராகக் கற்பித்தார், அவள் பேச ஓர் இடம் அமைத்தார், அவள் வாக்குக்காக வாதாடினார், கடைசியில் அவளுக்காகச் சபையில் ஆசனம் கேட்டார். தேர்தலில் நின்றதைத் தொண்டை விட்டு விலகியதாக அவர் கருதியிருந்தால், ஆசனம் போனபின் அத்தனை எளிதாகத் தொண்டுக்குத் திரும்பியிருக்க மாட்டார்.

எமது சங்கத்தின் இரண்டாம் நூற்றாண்டுக்கு இதிலிருந்து சில வேலைகள் கிடைக்கின்றன. வைத்திய முகாமில் ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் மீண்டும் மீண்டும் ஒரே நோயோடு வந்தால், அத்தோட்டத்தின் தண்ணீர்க் குழாய் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்து, சுகாதார வைத்திய அதிகாரிக்கும் ஹாலிஎல பிரதேச சபைக்கும் எழுத்தில் அறிவிக்கலாம். பதில் வரும்வரை தொடர்ந்து கேட்கலாம். சபையின் வரவு செலவுத் திட்டத்தில் தோட்டங்களுக்கு என்ன ஒதுக்கப்பட்டது என்று வருடந்தோறும் பார்க்கலாம். மகிளா சமித்தி நுழைய முடியாத லயங்களுக்கு, அங்கே பிறந்து எமது பள்ளியில் படித்த சகோதரிகளே இன்று கதவாக இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டு ஞாயிறு தோறும் பெண்கள் கூடும் ஓர் இடத்தை உண்டாக்கலாம்.

எம்மில் ஒருவர் வேட்பாளராக நிற்க முன்வந்தால், குடும்பத்துப் பெண்ணுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்காமல், அவர் பக்கத்தில் நின்று வீடு வீடாகப் போக வேண்டும். அவர் எக்கட்சி, எம்மொழி, எம்மதம் என்பது இரண்டாவது கேள்வி. தோட்டத்திலிருந்து வந்தாலும் கிராமத்திலிருந்து வந்தாலும் கடைவீதியிலிருந்து வந்தாலும் அவரும் எமது பள்ளிப் பிள்ளை. அவர்களும் பெண்களே என்று சொல்லி எமது பாட்டிமாருக்காக அன்று ஒருவர் குரல் கொடுத்தார். அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டிய காலம் எமக்கு வந்திருக்கிறது.